வினாத்தாள் அறையின் பூட்டு அக்கா

எங்கள் பல்கலைக்கழகம் வளர்ந்த கதையைச் சொல்வதற்கென்று வரவேற்புக் கூடத்தில் வரிசையாகப் புகைப்படங்கள் மாட்டியிருக்கிறார்கள். முதல் படத்தில் ஒரு பழைய சரக்குக் கிடங்கு. அதன் முன்னால் சட்டைக் கையை மடித்துவிட்ட மூன்று ஆசிரியர்களும், ஸ்பேனரும் சுத்தியலும் பிடித்த சில மாணவர்களும் நிற்கிறார்கள். கடைசிப் படத்தில் கண்ணாடிக் கட்டடமும் நீரூற்றும். நடுவில் இருப்பதெல்லாம் அடிக்கல் நாட்ட வந்தவர்களின் முகங்கள். இந்தப் படங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த நீரூற்று திறப்பு விழா அன்றைக்கு ஓடியதோடு சரி.

நான் தேர்வுப் பிரிவில் எழுத்தர். என்னிடம் வேறொரு அளவுகோல் இருக்கிறது. வினாத்தாள் அச்சடிக்கும் பூட்டு அக்காவை எத்தனை நாள் உள்ளே வைத்துப் பூட்டினார்கள் என்பதுதான் அது. கிடங்கில் பயிற்சிப் பள்ளி நடந்த காலத்தில் பூட்டே கிடையாது. அது தொழில்நுட்பக் கல்லூரி ஆனபோது ஒரு ராத்திரி பூட்டினார்கள். பட்டப் படிப்புகள் வந்ததும் ஒரு வாரம் ஆயிற்று. பல்கலைக்கழகம் என்று பலகை மாட்டி, தூரத்து ஊர்க் கல்லூரிகளெல்லாம் எங்களோடு இணைந்தபிறகு, செமஸ்டருக்கு மூன்று வாரம் அக்கா வெளிச்சத்தையே பார்க்கவில்லை. ஒரு நிறுவனம் வளர்கிறது என்றால் யாரோ ஒருவர் உள்ளே அடைபடுகிறார் என்று அர்த்தம். இதைப் படத்தில் காட்ட முடியாது.

அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது தட்டச்சு தெரியும் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் இல்லை. பள்ளி முதல்வர் பென்சிலால் கேள்விகளை எழுதிக் கொடுப்பார். அக்கா அதை மெழுகுத் தாளில் தட்டி ஸ்டென்சில் வெட்டுவார். பிறகு மை உருளையில் மாட்டிக் கையால் சுற்றிப் படியெடுப்பார்கள். தட்டச்சு இயந்திரத்தில் கணிதக் குறிகள் கிடையாது. வர்க்கமூலம், இன்டெக்ரல் எல்லாவற்றையும் அக்காதான் ஊசிமுனைப் பேனாவால் மெழுகு கிழியாமல் வரைய வேண்டும். கணக்கு அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. ஆனால் கையில் ஒரு முறை பட்ட கேள்வி மறக்காது. புரியாமலே மறக்காது. சிலருக்குப் பாட்டு அப்படித் தங்கிவிடும்.

முதல் பெரிய களேபரம் ஒரு சர்க்கரைப் பொட்டலத்தில் வந்தது. ஓர் ஆசிரியரின் மனைவி கடையிலிருந்து வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்தால், உள்பக்கம் மறுநாள் நடக்க வேண்டிய பரீட்சையின் கேள்விகள். மை சரியாகப் பிடிக்காத தாள்களை யாரோ பழைய பேப்பர்காரரிடம் போட்டிருக்கிறார்கள். முதல்வர் சத்தம் போடவில்லை. நூலகத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறையைக் கட்டி, அதற்கு இரும்புக் கதவும் ஒரு பெரிய பூட்டும் போட்டார். ரகசிய அச்சகம் பிறந்தது அப்படித்தான். அச்சுக்குப் போகிறவர்கள் பரீட்சை முடியும்வரை அங்கேயே சாப்பிட்டு அங்கேயே தூங்க வேண்டும்.

அன்றைக்கு முதல்வர் அச்சக ஆட்களைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னாராம். ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று வினாத்தாள் அச்சாகும். பரீட்சை அன்று காலையில் அதில் ஒன்றை எடுப்பார்கள். மிச்சம் இரண்டும் அலமாரியில் அடுத்தடுத்த செமஸ்டருக்காகக் காத்திருக்கும். ஆகவே வெளியே வந்தபிறகும் அவர்கள் தலைக்குள் இன்னும் நடக்காத பரீட்சைகள் இருக்கும்.

“வெளிய யாராவது பாடத்தைப் பத்திப் பேசினா, உங்களுக்குத் தெரிஞ்ச கேள்வி காதுல விழுந்தா, அங்க நிக்காதீங்க. எந்திரிச்சுப் போயிடுங்க. மூஞ்சி காட்டிக் கொடுத்துடும்” என்றார்.

மற்றவர்கள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்கள். அக்கா மட்டும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

அச்சகத்துக் கதவில் தட்டு நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு உண்டு. சாப்பாடு அதன் வழியாகப் போகும். வீட்டுச் செய்தி எதுவானாலும் காவலாளிதான் அந்தத் திறப்பில் வாயை வைத்துக் கத்துவார். அதனால் எங்கள் பிரிவில் அக்காவின் குடும்ப விவகாரம் தெரியாதவர்களே இல்லை.

“பூட்டு அக்கா, உங்க வீட்டுக்காரர் கேஸ் அடுப்பு பத்தலன்னு சொல்றாரு.”

“முதல்ல சிலிண்டரைத் திறக்கச் சொல்லுங்க.”

அக்காவின் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். என்ஜினைப் பிரித்து மாட்டுகிறவருக்கு அடுப்பு மட்டும் எட்டாக்கனி. நல்ல மனிதர். குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததும், முதல் பல் விழுந்ததும், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதும் எல்லாமே அந்தத் திறப்பு வழியாகத்தான் அக்காவுக்குத் தெரியும். வருஷத்துக்கு இரண்டு முறை காணாமல் போகிற அம்மாவுக்கு அந்தப் பெண் பழகிவிட்டாள். அக்கா பழகவில்லை. வெளியே வந்த முதல் நாள் பெண்ணின் தலையை முகர்ந்துகொண்டே இருப்பார் என்று அவர் கணவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இருந்தாலும் அக்காவுக்கு அந்த அறை பிடித்திருந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அவரைப் பார்த்து அய்யோ பாவம் என்பார்கள். ஸ்டென்சில் போய் ஆஃப்செட் வந்தது, ஆஃப்செட்டோடு கம்ப்யூட்டரும் வந்தது. ஒவ்வொன்றையும் கற்றுக்கொண்டார். சர்க்கரைப் பொட்டலத்துக்குப் பிறகு எங்கள் அச்சகத்திலிருந்து ஒரு வரி கூட வெளியே போனதில்லை என்று பட்டமளிப்பு விழாவில் துணைவேந்தரே சொன்னார். அன்றைக்கு அக்கா கடைசி வரிசையில் புதுப் புடவையில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு பெருமையை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

பெண்ணுக்கு எங்கள் பல்கலைக்கழகத்திலேயே சிவில் இன்ஜினியரிங் கிடைத்தது. அதில்தான் சிக்கல். ரத்த சம்பந்தமுள்ளவர் இங்கே பரீட்சை எழுதினால் அச்சகத்தில் வேலை செய்யக் கூடாது. கணவர் வேறு கல்லூரி பார்க்கலாம் என்றார். அக்கா கேட்கவில்லை.

“நான் நாலு வருஷம் வெளிய இருந்தா குடி முழுகிடாது. அவ நடந்து போற தூரத்துல படிக்கட்டும்.”

அதில் ஒரு கணக்கும் இருந்தது. அச்சக மேற்பார்வையாளர் ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம். பெண் படிப்பை முடித்துவிட்டால் அந்த நாற்காலி உங்களுக்குத்தான் என்று தேர்வு அதிகாரி வாக்குக் கொடுத்திருந்தார். அதுவரை அக்காவை விடைத்தாள் கிடங்குக்கு மாற்றினார்கள். வெற்று விடைத்தாள்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து, நூல் கண்டோடு கல்லூரிகளுக்கு அனுப்பும் இடம் அது. எழுத்தே இல்லாத தாள்களுக்கு நடுவில் அக்கா நாலு வருஷம் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு செமஸ்டரிலும் மற்றவர்கள் பாயும் தலையணையுமாக இரும்புக் கதவுக்குள் போவதைக் கிடங்கு வாசலில் நின்று பார்ப்பார். அப்போது அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது, எரிந்து விழுவார்.

பெண் எல்லாப் பாடத்திலும் தேறினாள், ஒன்றைத் தவிர. மூன்றாம் செமஸ்டர் கணக்கு அரியர் விழுந்தது. மறுபடி எழுதினாள், போயிற்று. மறுபடியும் எழுதினாள், அதுவும் போயிற்று. கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த ஒரு பேப்பர் மட்டும் அவளை மாணவியாகவே பிடித்து வைத்திருந்தது. அவள் மாணவியாக இருக்கிறவரை அக்கா அச்சகத்துக்குள் போக முடியாது. மேற்பார்வையாளருக்குப் பிரிவுபசார மாலையே சொல்லியாகிவிட்டது. அடுத்த இடத்துக்கு அச்சகத்தின் கம்ப்யூட்டர்காரர் காத்துக்கொண்டிருந்தார். அவர்மேல் தப்பில்லை. நாற்காலி காலியானால் யார்தான் உட்கார மாட்டேன் என்பார்கள்? இந்த முறை பெண் தேறாவிட்டால் அது அவருக்குத்தான்.

“பொண்ணுக்கு மூளை இல்லாம இல்ல தம்பி” என்று அக்கா கிடங்கில் என்னிடம் புலம்புவார். “இந்த ஒரு பேப்பர் ஏன் இப்படிக் கழுத்தை அறுக்குதுன்னுதான் தெரியல.”

அது தெரியவந்தது அவர் வீட்டுச் சமையலறையில். பிறகு அக்காவே எனக்குச் சொன்னது இது.

சாயங்காலம் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பெண் எதிரே உட்கார்ந்து கணக்குப் புத்தகத்துக் கேள்விகளை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். கணக்கை மட்டும் அவள் எப்போதும் அப்படித்தான் படிப்பாள். ஒரு கேள்வி பாதியில் இருக்கும்போது அக்கா கத்தியை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கொடியில் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். வந்து பார்த்தால் புத்தகத்தில் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக்.

“இது எதுக்கு டிக்கு?”

“சும்மாதான்.”

“சும்மான்னா மத்ததுக்கும் போட்டிருக்கணுமே.”

பெண் பென்சிலைக் கீழே வைத்தாள். “நீ எந்திரிச்சுப் போனியே, அதுக்குத்தான்.”

“நான் துணி எடுக்கப் போனேன்.”

“நீ எப்பவும் துணிதாம்மா எடுக்கப் போவ. மழைக் காலத்துல கூட.”

அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்ததாம். “நான் அங்கதான் இல்லயேடி. நாலு வருஷமாச்சு. உள்ள என்ன அச்சாகுதுன்னு எனக்கென்ன தெரியும்?”

“தெரியாதுன்னா ஏன் எந்திரிக்கற?”

 யோசித்துப் பார்த்தபோதுதான் அக்காவுக்கு விளங்கியது. அவர் எழுந்து போனதெல்லாம் பழைய கேள்விகளுக்கு. அவர் கையாலேயே அச்சேறி, அலமாரியில் மிச்சமிருந்த வினாத்தாள்களில் இருந்தவை. பாடத்திட்டம் மாறியபோது அந்தத் தாள்களை எல்லாம் கத்தரித்துக் கூழாக்கியாயிற்று. அது அக்காவின் மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. தெரிந்த கேள்வி காதில் விழுந்ததும் கால் தானாக எழுந்துகொண்டது. பெண் மூன்று முறையும் இனி ஒருநாளும் வராத கேள்விகளாகப் பொறுக்கி எடுத்து உருப்போட்டிருக்கிறாள்.

“இதை யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தா?”

“யாரு சொல்லணும்? நான் சின்னப் பொண்ணா இருக்கும்போது மாடி வீட்டு அண்ணனும் அவரு கூட்டாளிங்களும் நம்ம கூடத்துல வந்துதானே படிப்பாங்க. நீ எந்திரிச்சா ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவாங்க. நீதான் நம்ம வீட்ல வெளிச்சம் நல்லா இருக்குன்னு வராங்கன்னு சொல்லுவ.” பெண் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “அவங்களுக்கெல்லாம் பாஸ் ஆச்சு. எனக்கு மட்டும் ஏன் ஆகலன்னுதான் எனக்குப் புரியல.”

அடுப்பில் வைத்தது தீய்ந்து போகிறவரை அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாராம்.

அவரைத் தெரியாதவர்களுக்கு இது பெரிய விஷயமாகப் படாது. ஆனால் எல்லாக் கேள்விக்கும் எழுந்து போயிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. எதற்கும் எழாமல் இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது. அக்கா நாணயமானவர். தெரியாத கேள்விக்கு எழுந்து போவானேன் என்று, தெரிந்ததற்கு மட்டும் எழுந்து போனார். பூட்டும் இரும்புக் கதவும் காவலாளியும் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கேள்விகள் அக்காவின் கால் வழியாக நடந்து வெளியே போயிருக்கின்றன.

மறுநாளிலிருந்து பெண் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். டிக் எதுவும் இல்லாமல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தாள். இந்த முறை நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். தேர்வு முடிவு வந்த அன்று எங்கள் பிரிவில் எல்லோருக்கும் இனிப்பு. மேற்பார்வையாளர் தன் சாவிக் கொத்தைத் துடைத்து வைத்தார். கம்ப்யூட்டர்காரர் கூட அக்காவுக்குக் கை கொடுத்தார்.

அக்கா எனக்கு மட்டும் சமையலறைக் கதையைச் சொன்னது அன்றைக்குத்தான். அதைச் சொல்லிவிட்டு என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

அவர் ஏன் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். இரும்புக் கதவைப் பூட்டுவதற்கு முன் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகிறவர்களை அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்பார். உங்கள் வீட்டில் யாராவது பரீட்சை எழுதுகிறார்களா? உங்கள் மூலமாக எதுவும் வெளியே போயிருக்கிறதா? அவர்கள் இல்லை, இல்லை என்பார்கள். நான் எழுதிக்கொள்வேன். வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல இரண்டு நிமிஷத்தில் முடிகிற காரியம் அது.

“அக்கா, வாயை மூடிக்கிட்டு உள்ள போங்க” என்றேன். “யாருக்கு என்ன நஷ்டம்? வேணும்னா செஞ்சீங்க?”

“வேணும்னு செய்யல” என்றார். 

உள்ளே போகும் நாள் வந்தது. அதிகாரி புதியவர், இங்கேயே படித்து இங்கேயே உயர்ந்தவர். தங்கமான மனிதர். எப்போதும் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்கிற முகத்தோடு இருப்பார். மேஜைமேல் சாவிக் கொத்து இருந்தது. மற்றவர்களை முடித்துவிட்டுக் கடைசியாக அக்காவைக் கூப்பிட்டார்.

“உங்க வீட்ல யாராவது பரீட்சை எழுதறாங்களா?”

“இல்லீங்க.”

“உங்க மூலமா எதுவும் வெளிய போயிருக்கா?” அதிகாரி கேட்டுக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“போயிருக்குங்க.”

அதிகாரி சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், யார் பெயரையும் சொல்லாமல். பெண் பேச்சையே எடுக்கவில்லை. தெருப் பிள்ளைகள் வந்து படிப்பார்கள், நான் எழுந்து போவேன், அதை வைத்துத் தெரிந்துகொண்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

“எத்தன வருஷமா?”

“தெரியலீங்க. வாசல்ல செருப்பு நிறையக் கிடக்கும்.”

அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்தச் செருப்புக்காரர்கள் இன்று எங்கெங்கே என்னென்ன வரைபடங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்களோ. இதைக் கிளறினால் எத்தனை பட்டங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும், எத்தனை செய்தியாளர்கள் வாசலில் நிற்பார்கள் என்று அவர் கணக்குப் போடுவது எனக்கே தெரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

“அம்மா, ஒருத்தர் எந்திரிச்சுப் போறது வினாத்தாள் ஆகாது. எந்தச் சட்டத்துலயும் அப்படி இல்ல. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க.” என் பக்கம் திரும்பினார். “இல்லைன்னு போட்டுக்குங்க.”

நான் எழுதினேன். அக்கா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மத்தவங்க சொன்னதையும் இப்படித்தான் எழுதினீங்களா, தம்பி?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தையை அந்த நேரத்தில் சொல்ல முடியவில்லை.

அதிகாரி சாவிக் கொத்தை அவர் பக்கம் நகர்த்தினார். அக்கா அதைத் தொடவில்லை.

“கம்ப்யூட்டர்காரர்கிட்ட குடுத்துடுங்க. அவரு வீட்ல யாரும் வந்து படிக்கறதில்ல.”

“என்னம்மா இது? இதுக்குத்தானே நாலு வருஷம் காத்திருந்தீங்க?”

“ஆமாங்க” என்றார் அக்கா.  கும்பிட்டுவிட்டு வெளியே போனார். எழுந்து பின்னாலேயே போனேன். என்ன சொல்லப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது.

வராந்தாவில் அவர் பெண் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவை உள்ளே அனுப்பி வைக்க வந்திருந்தாள். கையில் மூன்று வாரத்துக்கான துணி, சோப்பு, தலையணை எல்லாம் அடைத்த பை. அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்து, பிறகு குழம்பியது.

“என்னம்மா, உள்ள போகலயா?”

“இல்ல.”

“ஏன்? நான்தான் பாஸ் பண்ணிட்டேனே.”

“அது உன்னோட பரீட்சைடி” என்று சொல்லி, பையை வாங்கிக்கொண்டு அக்கா விடைத்தாள் கிடங்குப் பக்கம் நடந்தார்.